குவைத்தில் 24, கொழிஞ்சாம்பாறையில் 106: பெட்ரோல் விலையை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்காரன். வயது 56. சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி, பெட்ரோல் வண்டி, வைத்து இளநீரும் காய்கறியும் ஏற்றுகிறேன். வாரத்தில் நாலு நாள் கோயமுத்தூர் உக்கடம், மற்ற நாள் சித்தூர், பாலக்காடு. வாரம் 40 லிட்டர் பிடிக்கிறது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும். மகன் குவைத்தில் இருக்கிறான். "இங்கே லிட்டர் நம்ம காசுக்கு 24 ரூபாய்தாம்ப்பா" என்கிறான். மருமகன் ஜெர்மனியில். அவர் 160 என்கிறார். எங்கள் ஊரில் 106. வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போனால் 101. டீக்கடையில் ஒரு வாட்ஸ்அப் பட்டியல் சுற்றுகிறது. உலகத்திலேயே இந்தியாவில்தான் பெட்ரோல் விலை அதிகம், நேபாளம், இலங்கை, பாகிஸ்தானில்கூட நம்மைவிடக் குறைவு என்று போட்டிருக்கிறது. எது உண்மை? நம்மிடம் மட்டும் ஏன் இப்படிப் பிடுங்குகிறார்கள்? இனி ஒவ்வொரு தடவையும் எல்லை தாண்டிப் போய் நிரப்பலாமா? பங்க் வீட்டிலிருந்து 11 கிலோமீட்டர். மச்சான், 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன் மூன்றில் வாங்கி வந்து மாடிப்படிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

பதில்: அண்ணா, விலைக் கணக்குக்கு வருமுன் அந்தக் கேன் விஷயத்தை முடித்துவிடுகிறேன். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

சொந்த உபயோகத்துக்கு, விற்பனைக்கு இல்லாமல், லைசென்ஸ் இன்றி ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய பெட்ரோல் மொத்தம் 30 லிட்டர்தான். 1934ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதுவும் 25 லிட்டருக்கு மேற்படாத உலோகப் பாத்திரத்தில் இருக்க வேண்டும். மச்சான் சொல்வது 60 லிட்டர், அதுவும் பிளாஸ்டிக்கில். சட்டத்தை விடுங்கள், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாக, கொட்டின தண்ணீர் மாதிரி பரவும். மாடிப்படிக்கு அடியிலிருந்து சமையல்கட்டுக்கு எத்தனை அடி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நான் கணக்குப் பார்க்கும் ஒரு தென்னை நார் மில்லில், ஜெனரேட்டருக்கென்று வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் கேன் ஏப்ரல் வெயிலில் உப்பி, வயிறு தள்ளி நின்றது. மூடியைத் தளர்த்தியதும் புஸ்ஸென்று கிளம்பிய ஆவி எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. பத்தடி தள்ளி ஓர் ஆள் பீடியை வாயில் வைத்துத் தீப்பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். கத்தினேன். அவர் பற்ற வைக்கவில்லை, அவ்வளவுதான். லிட்டருக்கு 5 ரூபாய் மிச்சம் பிடிக்க அந்த ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து படுக்க வைக்காதீர்கள்.

இனி விலை. நீங்கள் எழுதிய நாலு விலையும் 2025 நிலவரத்துக்குச் சரிதான். மகனும் பொய் சொல்லவில்லை, மருமகனும் சொல்லவில்லை. நான் அடக்கவிலைக் கணக்கு பார்க்கிறவள். லாரிக்காரர்களுக்கும் மில்காரர்களுக்கும் ஒரு பொருளின் விலைக்குள் என்னென்ன புகுந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டுவதுதான் என் தொழில். அப்படிப் பிரித்தால், நாட்டுக்கு நாடு மாறுவது எண்ணெயின் விலை இல்லை என்பது தெரியும். எண்ணெயைச் சந்தையில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே விலைக்குத்தான் வாங்குகிறார்கள். மாறுவது அதன்மேல் அரசு ஏற்றி வைப்பதும், அரசு தன் கையிலிருந்து போட்டுக் குறைப்பதும்தான்.

இதற்குக் குவைத் வரைக்கும் போக வேண்டாம். உங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. கொச்சியை ஒட்டிய அம்பலமுகலில் பாரத் பெட்ரோலியத்தின் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது, வருடத்துக்கு 1.55 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் பெரிய ஆலை. அங்கிருந்து பூமிக்கடியில் ஒரு குழாய் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயமுத்தூர் இருகூருக்கும், அப்புறம் கரூருக்கும் போகிறது. கேரளத்தில் சுத்திகரித்த பெட்ரோல் உங்கள் மாவட்டத்தைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போகிறது. போன இடத்தில் விலை குறைவு, புறப்பட்ட இடத்தில் விலை அதிகம். ஆலை பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய்க்கு மேல் மாற்றாது. மீதியெல்லாம் வரி.

2025இல் நீங்கள் எழுதிய விலையை வைத்தே பிரித்துக் காட்டுகிறேன். எண்ணெய் விலை, மத்திய அரசின் கலால் வரி, பங்க்காரர் கமிஷன் மூன்றையும் சேர்த்து லிட்டருக்கு 79 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இதன்மேல் 13 சதவீதமும், கூடவே லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் வாட் வரி. 79இல் 13 சதவீதம் 10 ரூபாய் 27 காசு; இரண்டும் சேர்ந்து 21 ரூபாய் 79 காசு. ஆக 100 ரூபாய் 79 காசு. கேரளத்தில் அதே 79இன் மேல் 30.08 சதவீதம் விற்பனை வரி, 23 ரூபாய் 76 காசு. அதன்மேல் கூடுதல் விற்பனை வரி 1 ரூபாய், வரியின்மேல் 1 சதவீதம் செஸ் என்ற மேல்வரி, 2023 ஏப்ரல் 1 முதல் சமூகப் பாதுகாப்பு செஸ் 2 ரூபாய். மொத்தம் 27 ரூபாய் சொச்சம். ஆக 106. வேலந்தாவளத்தில் நீங்கள் பார்க்கும் அந்த 5 ரூபாய் இதுதான். அங்கே வண்டி ஓட்டும் ஆள் மாறவில்லை, எண்ணெய் மாறவில்லை, சாலைகூட அதே சாலை. வரி மட்டும் மாறியிருக்கிறது.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, லோடு வண்டி வைத்திருக்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது. கேரளத்து வரியில் பெரும்பகுதி சதவீதக் கணக்கு. எண்ணெய் விலை 10 ரூபாய் ஏறினால் உங்கள் ஊர் பம்பில் 13 ரூபாய் ஏறும். தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் நிலையான தொகை என்பதால் 11 ரூபாய் 30 காசுதான் ஏறும். விலை ஏறும் காலத்தில் எல்லை இடைவெளி அகலும், இறங்கும் காலத்தில் குறுகும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு லிட்டருக்கு 3 ரூபாய் வரியைக் குறைத்தபோதுதான் இந்த இடைவெளி பெரிதாகக் கண்ணில் படத் தொடங்கியது.

ஜிஎஸ்டி வந்த பிறகும் ஏன் இரண்டு விலை என்று கேட்பீர்கள். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோது பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஐந்தையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். ஜிஎஸ்டி கவுன்சில் எந்தத் தேதியைச் சொல்கிறதோ அன்றுதான் உள்ளே வரும். மாநிலங்களுக்குத் தங்கள் விருப்பப்படி வரி போட்டு வசூலிக்க மிஞ்சியிருக்கும் பெரிய வழிகளில் முக்கியமானவை மதுவும் பெட்ரோலும். எந்தக் கட்சி ஆண்டாலும் அதை எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

"பிடுங்குகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபத்தில் ஒரு பகுதிக்கு முழு நியாயம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் உலகமே முடங்கிக் கச்சா எண்ணெய் விலை படுத்துவிட்டது. ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவில் எண்ணெய் ஒப்பந்த விலை பூஜ்யத்துக்குக் கீழேயே போனது. அந்தச் சமயத்தில் நமக்கு விலை குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. பெட்ரோல் மீதான மத்தியக் கலாலை லிட்டருக்கு 19 ரூபாய் 98 காசிலிருந்து இரண்டே மாதத்தில், இரண்டு தவணையாக, 32 ரூபாய் 98 காசுக்கு ஏற்றினார்கள். பிறகு 2021 நவம்பரில் 5 ரூபாயும் 2022 மே மாதம் 8 ரூபாயும் குறைத்து மறுபடி 20 ரூபாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தார்கள். 2025 ஏப்ரலில் மறுபடி 2 ரூபாய் ஏற்றினார்கள்; அதை எண்ணெய் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டதால் பங்க்கில் விலை மாறவில்லை. 2010 ஜூனில் பெட்ரோல் விலை மீதான அரசுக் கட்டுப்பாட்டை நீக்கியபோது, சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்றுதான் நமக்குச் சொன்னார்கள். ஏறுவது மட்டும் வந்து சேருகிறது, இறங்குவது வரியாக நடுவழியில் நின்றுவிடுகிறது என்று வண்டி ஓட்டுகிறவர் குமுறினால், கணக்குப் பார்க்கிறவளாக நான் அதை மறுக்க மாட்டேன். அந்த 2025 கணக்கில் உங்கள் ஊர் 106 ரூபாயில் மத்திய, மாநில வரி இரண்டும் சேர்ந்து 49 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட வருகிறது.

இப்போது மகன் சொல்லும் 24 ரூபாய். குவைத்தில் சாதாரண பெட்ரோல் லிட்டர் 85 ஃபில்ஸ். 2016 செப்டம்பரில் 60 ஃபில்ஸிலிருந்து ஏற்றிய விலை அது. ஆயிரம் ஃபில்ஸ் ஒரு தினார். தினாருக்கு 280 ரூபாய் போட்டால் 23 ரூபாய் 80 காசு. சரிதான். ஆனால் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். கச்சா எண்ணெய் பீப்பாய் 70 டாலர், டாலருக்கு 86 ரூபாய் என்றால், பூமியிலிருந்து எடுத்த, சுத்திகரிக்காத எண்ணெய் மட்டும் லிட்டருக்கு 38 ரூபாய் ஆகிறது. குவைத் அரசு அந்த எண்ணெயைக் கப்பலில் ஏற்றினால் 38 ரூபாய் கிடைக்கும். சுத்திகரித்துத் தன் ஊர் வண்டிக்கு ஊற்றினால் 24 ரூபாய்தான். நடுவில் இருக்கும் பணத்தை அரசு விட்டுக்கொடுக்கிறது. தோப்பு வைத்திருக்கிறவர் வீட்டில் தேங்காய்க்கு விலை கிடையாது. அதற்காகக் கடையில் தேங்காய் விலை குறைய வேண்டும் என்று நாம் கேட்க முடியாது. நம் நாடு எரிக்கும் கச்சா எண்ணெயில் 100க்கு 85க்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறோம். 24 ரூபாய்க்கு இங்கே விற்க வேண்டுமென்றால், வரி முழுவதையும் எடுத்த பிறகும், ஒவ்வொரு லிட்டருக்கும் அரசு தன் கையிலிருந்து பணம் போட வேண்டியிருக்கும்.

தோப்புக்காரர் வீட்டிலும் அந்த நிலைமை நிரந்தரம் கிடையாது. சவூதியில் 2015இல் சாதாரண பெட்ரோல் லிட்டர் 45 ஹலாலா, அதாவது அரை ரியால்கூட இல்லை. எண்ணெய் விலை சரிந்து அரசு வருமானம் குறைந்ததும் படிப்படியாக ஏற்றினார்கள். 2021 ஜூலையில் 2.18 ரியாலில் உச்சவரம்பு வைத்தார்கள். ஐந்து மடங்குக்குக் கிட்ட வந்துவிட்டது. நம் காசில் 50 ரூபாய். துபாய் உள்ளிட்ட அமீரகத்தில் 2015 ஆகஸ்டிலேயே மானியத்தை நிறுத்திவிட்டு, உலகச் சந்தையை ஒட்டி மாதாமாதம் விலை அறிவிக்கிறார்கள். நார்வே இன்னும் வேறு மாதிரி. கடலுக்கடியில் அவ்வளவு எண்ணெய் இருந்தும் உள்ளூரில் வரி போட்டு உலகத்திலேயே உயர்ந்த விலைகளில் ஒன்றுக்கு விற்கிறார்கள்; எண்ணெய் ஏற்றுமதிப் பணத்தை அடுத்த தலைமுறைக்கென்று நிதியாகச் சேர்த்து வைக்கிறார்கள். 2024இல் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது, அதற்குக் கொஞ்சம் குறைவாக, மின்சாரக் கார்கள். எண்ணெய் கிடைக்கும் நாடு என்றால் பெட்ரோல் மலிவு என்ற எண்ணம் அங்கே பொருந்துவதில்லை.

அந்த வாட்ஸ்அப் பட்டியலை வாங்கி நானும் பார்த்தேன். உலகத்திலேயே நம் விலைதான் அதிகம் என்பது தப்பு. ஹாங்காங்கில் பெட்ரோல் மீதான தீர்வை மட்டும் லிட்டருக்கு 6.06 ஹாங்காங் டாலர், நம் காசில் 66 ரூபாய்க்கு மேல். மருமகன் இருக்கும் ஜெர்மனியில் எரிசக்தி வரி 65.45 சென்ட், 62 ரூபாய். அதற்குமேல் 19 சதவீத வாட். அந்த வரியிலேயே நம் எண்ணெய் விலை அடங்கிவிடும். அவர் சொன்ன 160க்குக் காரணம் இதுதான்.

பக்கத்து நாடுகளுக்குப் போட்டிருக்கும் எண்களில் பாதி, பணத்தைத் தப்பாக மாற்றிப் போட்டது; மீதி, எந்த வருடத்து விலை என்றே தெரியாமல் போட்டது. நேபாள ரூபாய் நம் ரூபாய்க்கு 1.60 என்று கட்டிவைத்த விகிதம். அங்கே பலகையில் 160 என்று இருந்தால் நம் 100. அந்த எண்ணெயும் இந்தியன் ஆயிலிடமிருந்து போவதுதான். 2019 செப்டம்பரிலிருந்து பீகார் மோதிஹாரியிலிருந்து குழாயிலேயே போகிறது. பாகிஸ்தானில் 260 என்று இருந்தால் அது நம் 80 ரூபாய். 2025இல் அங்கே குறைவு என்பது உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவிலிருந்து யாராவது 3 டாலர் 20 சென்ட் என்று சொன்னால் அது கேலனுக்கு. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர்; லிட்டருக்கு 73 ரூபாய் வரும். பிரிட்டிஷ் கேலன் வேறு அளவு, 4.546 லிட்டர். இது தெரியாமல் ஒரு டீக்கடை முழுக்கச் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

பேரும் ஏமாற்றும். குவைத்தில் "பிரீமியம்" என்றால் இருப்பதிலேயே மலிவான 91 ஆக்டேன் (ஆக்டேன் என்பது பெட்ரோலின் தரத்தைக் காட்டும் எண்). நம் ஊரில் பிரீமியம் என்றால் விலை கூடின 95. அதோடு நாம் இப்போது ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் இருக்கும் சூடு பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான்; கலந்த பிறகு ஒரு லிட்டரில் 6, 7 சதவீதம் குறையும். வெறும் பெட்ரோல் ஊற்றும் நாட்டு லிட்டரோடு நம் லிட்டரை ஒப்பிடும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

இலங்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 ஜூன் கடைசியில் அங்கே 92 ஆக்டேன் பெட்ரோல் லிட்டர் 470 ரூபாய்க்குப் போனது. நம் காசுக்கு மாற்றினால் 100 ரூபாய்ச் சொச்சம்தான், நம் விலைதான். பட்டியல் போடுகிறவர் இதைப் பார்த்து "இலங்கையும் இந்தியாவும் ஒன்று" என்று எழுதிவிடுவார். ஆனால் அந்த 470 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு நாள்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்குப் பெட்ரோல் கிடைக்கவில்லை. வாங்கக் கையிருப்பில் டாலர் இல்லை, கப்பல் வரவில்லை. பிறகு க்யூஆர் கோடு அட்டை கொடுத்து வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்தார்கள். தொடக்கத்தில் பைக்குக்கு 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5 லிட்டர். ஆட்டோ ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவர் வாரத்துக்கு 5 லிட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பலகையில் எழுதியிருக்கும் விலைக்குச் சரக்கும் இருக்க வேண்டும். விலை ஒப்பிடும் எந்தப் பட்டியலிலும் அந்த வரிசை தெரியாது.

அதே மாதிரி பட்டியலில் தெரியாத இன்னொன்று, சம்பளம். மருமகன் லிட்டருக்கு 160 ரூபாய் கொடுக்கிறார், நீங்கள் 106. யாருக்கு வலி அதிகம்? 2025இல் ஜெர்மனியில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. பெட்ரோல் 1.70 யூரோ என்றால், மிகக் குறைந்த கூலி வாங்குகிறவருக்கும், பிடித்தம் போவதற்கு முன், ஒரு மணி நேர வேலைக்கு ஏழரை லிட்டர் வாங்கலாம். உங்கள் வண்டியில் இளநீர்க் குலை இறக்கும் ஆளுக்கு எட்டு மணி நேரத்துக்கு 900 ரூபாய் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஒரு மணி நேரம் குலை இறக்கினால் ஒரு லிட்டர், அதற்குமேல் ஒரு மடக்கு. நான் யாருக்குச் சொன்னாலும் இந்த ஒப்பீட்டைத்தான் முதலில் சொல்வேன். டாலருக்கு மாற்றி, ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பது நாடுகளின் வரியை ஒப்பிட உதவும். மனிதர்கள் படும் பாட்டை ஒப்பிட வேண்டுமென்றால் உழைப்பு நேரத்தால்தான் அளக்க வேண்டும். அந்த அளவில் நம் பெட்ரோல் மிகவும் விலை கூடினது. டீக்கடையில் சொன்னது எண்ணில் தப்பு என்றாலும், அவர்கள் உணர்ந்தது தப்பில்லை.

எல்லை தாண்டி நிரப்புவதற்கு வருகிறேன். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை, உலகம் முழுக்க நடப்பதுதான். மாஹியில் புதுச்சேரி வரி என்பதால் கண்ணூர்ப் பக்கத்து வண்டிகள் அங்கே நிரப்பிக்கொண்டு போகின்றன. ஜெர்மனிக்காரர்கள் போலந்துக்கும் லக்சம்பர்க்குக்கும் போகிறார்கள். மேற்கு வங்கத்து ஜெய்காவ்ன்காரர்கள் தெருவைத் தாண்டிப் பூட்டானின் புன்ட்ஷோலிங்கில் நிரப்புகிறார்கள். இத்தனைக்கும் பூட்டானுக்கு எண்ணெய் போவது இந்தியாவிலிருந்துதான். சிங்கப்பூரோ இதைத் தடுக்கச் சட்டம் வைத்திருக்கிறது: அந்த ஊர் வண்டி மலேசியாவுக்குள் போக வேண்டுமென்றால் டேங்க்கில் முக்காலாவது இருக்க வேண்டும், குறைந்தால் அபராதம். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் அப்படி ஒன்றும் கிடையாது. வண்டியின் டேங்க்கில் நிரப்பி வருவதை யாரும் கேட்க முடியாது.

ஆனால் அதற்கென்று போகலாமா? கணக்கைப் பாருங்கள். டேங்க்கில் 25 லிட்டர் நிரப்புகிறீர்கள், லிட்டருக்கு 5 ரூபாய் மிச்சம், 125 ரூபாய். போக 11, வர 11, மொத்தம் 22 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 என்றால் ஒன்றேகால் லிட்டருக்கு மேல் எரியும், 139 ரூபாய். 14 ரூபாய் நஷ்டம், முக்கால் மணி நேரமும் போச்சு. ஸ்கூட்டரில் போனால் இன்னும் மோசம். 5 லிட்டர் டேங்க்கில் 25 ரூபாய் மிச்சம் பிடிக்க 50 ரூபாய்ப் பெட்ரோல் எரிப்பீர்கள். மனதுக்கு மட்டும் ஜெயித்த மாதிரி இருக்கும்.

உக்கடம் போகும் நாலு நாளிலும் கதை வேறு. எப்படியும் அந்த வழியில்தான் திரும்பி வருகிறீர்கள், தனியாக ஓட வேண்டியதில்லை. லோடு இறக்கிவிட்டு வரும்போது, எல்லைக்கு முன்னால் இருக்கும் கடைசி பங்க்கில் நிரப்பிக்கொள்ளுங்கள். சித்தூர், பாலக்காடு ஓட்டத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். வாரம் 40 லிட்டரும் அங்கேயே ஆனால் 200 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 10,400 ரூபாய். ஒரு டயர் செட்டுக்கு நல்ல உதவி.

இதைவிடப் பெரிய மிச்சம் உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. வாரம் 40 லிட்டரில் 640 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள். வண்டி 16க்குப் பதில் 17 கொடுத்தால் அதே தூரத்துக்கு 37.65 லிட்டர் போதும். மிச்சமாகும் 2.35 லிட்டரின் விலை 237 ரூபாய். ஒரே ஒரு கிலோமீட்டர் மைலேஜ், எல்லை தரும் 200 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. கிலோமீட்டர் கணக்கில் சொன்னால், 101 ரூபாய்ப் பெட்ரோலில் 16 கொடுக்கும் வண்டிக்கு ஆகும் செலவு 6 ரூபாய் 31 காசு. 106 ரூபாய்ப் பெட்ரோலில் 17 கொடுக்கும் வண்டிக்கு 6 ரூபாய் 24 காசு. இரண்டும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

அதற்கு வாரம் ஒரு தடவை, வண்டி சூடாகும் முன், காலையில் காற்று பாருங்கள். இளநீர் லோடு கனம் என்பதால் பின் டயரில் காற்று குறைந்தால் மைலேஜ் உடனே இறங்கும். உக்கடத்தில் வண்டி இறக்க வரிசையில் நிற்கும்போது இன்ஜினை நிறுத்திவிடுங்கள். ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள். வேலந்தாவளம் ரோட்டில் தூசிக்குக் குறைவில்லை. ஒரு நோட்டு போட்டு, டேங்க்கை நிறைய நிரப்பிய நாளில் மீட்டரை எழுதி, மறுபடி நிறைய நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்பதையும் எழுதுங்கள். ஓடிய தூரத்தை அந்த லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் வரும். 16 என்பது உங்கள் மனக்கணக்கா, மீட்டர் கணக்கா என்று எனக்குத் தெரியவில்லை. எந்த பங்க், என்ன விலை என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் எழுதிய பிறகு அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள் அண்ணா, உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.